ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஏர்பிரஷும் ஆரஞ்சு கேபின் டேங்கரும்

நீங்கள் பிளாஸ்டிக் மாடல் கட்டுகிறவரா? இன்னும் தூரிகையாலேயே வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் தயவுசெய்து இந்த மாதமே ஓர் ஏர்பிரஷ் வாங்கிவிடுங்கள். ஜப்பான் சரக்கு வாங்கக் காசு சேரட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். நான் வாங்கியது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்த ஒன்று. பெயர்பெற்ற கம்பெனி எதுவும் அதன் பின்னால் இல்லை. தலைமேல் கிண்ணம் வைத்த, 0.3 மி.மீ. ஊசி போட்ட, சாதாரண ஏர்பிரஷ். அது என் மேசைக்கு வந்ததிலிருந்து மாடல் கட்டுவதே வேறு காரியமாகிவிட்டது. முதல் பூச்சு காய்ந்ததும் மாடல் லாரியின் கதவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். தூரிகை போன தடம் எங்கேயும் இல்லை. விளிம்பில் தடிப்பு இல்லை. ரிவெட் தலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்றன. விளக்கை அணைக்கப் போனவன் திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்தேன். அந்தச் சந்தோஷம் உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வெண்ணந்தூரில் இருந்துகொண்டு மாடல் கட்டுகிறவனுக்கு எதைக் கட்டுவது என்ற யோசனையே வராது. லாரிதான். ராசிபுரத்தைத் தாண்டிப் போனால் நாமக்கல், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் ஊர். மேற்கே சங்ககிரி, திருச்செங்கோடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் லாரித் தொழில். 1997 ஜனவரி 1 முதல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாக இயங்கும் நாமக்கல்லை வெளியூர்க்காரர்கள் முட்டைக்காக அறிவார்கள். நெடுஞ்சாலையில் வாழ்கிறவர்கள் லாரிக்காக அறிவார்கள். சமையல் எரிவாயுவை மொத்தமாக ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகள் இருக்கின்றனவே, அவற்றின் தென்மண்டல உரிமையாளர் சங்கம் நாமக்கல்லில்தான் இருக்கிறது. அந்தச் சங்கம் வேலைநிறுத்தம் என்று அறிவித்தால் தென் மாநிலங்கள் முழுக்க சிலிண்டர் பேச்சு கிளம்பிவிடும்.

அந்த கேஸ் டேங்கரை 1/24 அளவில் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இத்தாலேரி நிறுவனம் ஐரோப்பிய லாரிகளை 1/24 அளவில் கிட்டாகப் போடுகிறது. நம் ஊர் டேங்கருக்கு வேண்டியதை நாமே செய்துகொள்ள வேண்டும். தொட்டிக்கு 90 மி.மீ. பிவிசி குழாய் எடுத்தேன். இருபத்துநான்கால் பெருக்கிப் பாருங்கள், நிஜத்தில் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் விட்டம் வருகிறது. இரண்டு முனைக்கும் எண்ட் கேப், அதன்மேல் பட்டி வைத்து வாட்டர் பேப்பர் போட்டு உருட்டிய குவிவு. கேபினுக்குப் பிளாஸ்டிக் தகடு. இதெல்லாம் கைவேலை, பொறுமை இருந்தால் வந்துவிடும். வண்ணம்தான் பெரிய மலை.

வண்ணத்தில் நம் இஷ்டத்துக்கு எதுவும் செய்ய முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 90ஆவது விதி முன்பு சொன்னதைப் படித்துப் பாருங்கள். நேஷனல் பெர்மிட் லாரி என்றால் காய்ந்த இலையின் பழுப்பு நிறமும் தடித்த வெள்ளைக் கரையும் இருக்க வேண்டியிருந்தது. அபாயகரமான சரக்கு ஏற்றும் டேங்கர் என்றால் தொட்டி வெள்ளை, தொட்டியின் நடுவில் சுற்றிலும் 5 செ.மீ. அகலத்தில் அதே இலைப் பழுப்புப் பட்டை, ஓட்டுநர் கேபின் ஆரஞ்சு. சட்டத்தை எழுதியவர்கள் மாடல் கட்டுகிறவனுக்கு வண்ணக் குறிப்பையே கையில் கொடுத்துவிட்டார்கள். 5 செ.மீ. பட்டை 1/24-இல் 2 மி.மீ.க்கு ஒரு மயிரிழை கூட. டாமியா நிறுவனம் 2 மி.மீ. அகலத்திலேயே மாஸ்கிங் டேப் விற்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த குதூகலத்தைச் சொல்லி மாளாது.

ஆனால் வெள்ளையும் ஆரஞ்சும் தூரிகைக்கு அடங்காத நிறங்கள். இரண்டுக்குமே கீழே உள்ளதை மறைக்கும் சக்தி குறைவு. ஒரு பூச்சில் திட்டுத் திட்டாக நிற்கும். இரண்டாவது பூச்சு முதல் பூச்சைக் கரைத்து இழுக்கும். மூன்றாவதில் வண்ணம் தடித்து, கதவுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய கோடு அடைபட்டுப் போகும். டேப் ஒட்டிப் பட்டை போட்டாலோ, தூரிகையின் ஈரம் டேப்புக்கு அடியில் ஊர்ந்துவிடும். ஏர்பிரஷ் இந்த அத்தனையையும் ஒரே அடியில் தீர்க்கிறது. வண்ணம் பனியாகப் போய் விழுந்து, விழுந்த இடத்திலேயே உலரத் தொடங்குகிறது. முதல் பூச்சில் எதையும் மறைக்கத் தேவையில்லை. லேசாகத் தூவி விட்டுவிட்டு, சற்றுப் பொறுத்து அடுத்தது, பிறகு அடுத்தது. நான்கைந்து பூச்சு சேர்ந்தாலும் கனம் ஒரு தூரிகைப் பூச்சுக்கு வராது. ஆரஞ்சுக்கு அடியில் சாம்பல் பிரைமரை அப்படியே விடாமல் வெள்ளை அடித்துக்கொள்ளுங்கள். நிறம் எரியும்!

இந்தக் கருவியின் வரலாறும் எனக்குப் பிடித்தமானது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் வெப்ஸ்டர் சிட்டியில் ஆப்னர் பீலர் என்பவர் 1870-களின் கடைசியில் இதன் ஆரம்ப வடிவம் ஒன்றைச் செய்தார். பேனாவைப் போலப் பிடிக்கும் இன்றைய வடிவத்துக்கு வழி போட்டவர் சார்லஸ் பர்டிக், அது 1893 வாக்கில். புகைப்படங்களைத் திருத்தவும் நீர்வண்ணம் தீட்டவும் பிறந்த கருவி இது. உள்ளே நடப்பது அன்றும் இன்றும் ஒன்றுதான். நாசிலைச் சுற்றிக் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு வண்ணத்தை இழுக்கிறது, காற்று அதைப் பொடிப்பொடியாக உடைக்கிறது. நடுவில் இருக்கும் கூரான ஊசி பின்னால் நகர நகர வழி அகலமாகிறது.

இவ்வளவு தெரிந்தால் எதை வாங்குவது என்பது தானாகத் தெளிவாகிவிடும். கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்றில் விசையை அழுத்தினால் காற்றும் வண்ணமும் சேர்ந்தே வரும். இதற்கு சிங்கிள் ஆக்‌ஷன் என்று பெயர். டபுள் ஆக்‌ஷன் என்பதில் விசையைக் கீழே அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம். முதலாவது சுலபம் என்று நினைத்து வாங்கத் தோன்றும். வேண்டாம். டபுள் ஆக்‌ஷனையே வாங்குங்கள். விலை வித்தியாசம் இந்த மலிவு ரகத்தில் பெரிதாக இல்லை, விரல் அதற்குப் பழகச் சில நாள் போதும். பழகிவிட்டால் மெல்லிய கோட்டிலிருந்து அகலமான பூச்சு வரை ஒரே இழுப்பில் போய் வரலாம். அந்தச் சுகத்துக்காகவே இந்தக் கருவியை வாங்கலாம்!

அடுத்தது கிண்ணம். கீழே பாட்டில் தொங்கும் வகை வண்ணத்தை மேலே உறிஞ்ச அதிக அழுத்தம் கேட்கும், கொஞ்சம் வண்ணத்தை வைத்துக்கொண்டு வேலை செய்யவும் விடாது. மேலே கிண்ணம் உள்ளதில் வண்ணம் தன் எடையாலேயே இறங்கும். குறைந்த அழுத்தத்தில் வேலை நடக்கும், கடைசிச் சொட்டு வரை பயன்படும். ஒரு குட்டி பாட்டில் டாமியா வண்ணத்துக்குக் கொடுக்கும் விலையை நினைத்தால் கடைசிச் சொட்டின் அருமை புரியும். மூன்றாவது ஊசி. 0.2 மி.மீ. பார்க்க ஆசையாக இருக்கும், மெல்லிய கோடு போடலாமே என்று. முதல் ஏர்பிரஷுக்கு அது ஆகாது. வெள்ளை வண்ணத்தின் துகள் அதில் அடைத்துக்கொள்ளும். 0.5 பெரிய பரப்புக்கும் பிரைமருக்கும் அருமை, நுணுக்கம் குறைவு. 0.3-ஐ எடுத்தால் டேங்கர் தொட்டியும் அடிக்கலாம், டயர் ஓரத்துப் புழுதியும் போடலாம். சந்தையில் எச்.டி.130, பி.டி.130 என்ற எண்களில் வருகிற ரகம் இதுதான். ஜப்பானின் இவாட்டா வடிவத்தைப் பார்த்துச் சீனாவில் செய்தது. ஒரே சட்டகம், பெட்டியில் ஆளுக்கொரு பெயர்.

கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியது ஊசி முனை. பின்னால் இருக்கும் மூடியைக் கழற்றி, ஊசியைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, மெதுவாக உருவுங்கள். முனை நேராக இருக்கிறதா, கொக்கியாக வளைந்திருக்கிறதா என்று விரல் நுனியில் வைத்து உருட்டினாலே தெரியும். வளைந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாசில் மிளகளவு கூட இருக்காது, திருகி மாட்டுவது. அதை இறுக்கும்போது விரல் பலம் போதும். சின்ன ஸ்பேனரை வைத்து முறுக்கினால் மறை முறிந்துவிடும். உதிரி நாசிலும் ஊசியும் ஒன்றிரண்டு சேர்த்தே வாங்கிவிடுங்கள், இந்த ரகத்துக்கு அவை மிகவும் மலிவு. வாங்கியவுடன் நான் செய்த இன்னொரு காரியம், மிக மெல்லிய வாட்டர் பேப்பரில் ஊசியின் சரிவை நீளவாக்கில் மெருகேற்றியது. தொழிற்சாலை விட்டுவைத்த சொரசொரப்பு போனதும் தெறிப்பு நின்றது. பத்து மடங்கு விலையுள்ள ஏர்பிரஷில் கிடைக்கும் வழவழப்பில் பெரும்பங்கு இதில் வந்துவிட்டது என்று மனமாரச் சொல்வேன்.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைக்கும் விஷயம். ஏர்பிரஷில் மிச்சம் பிடித்த காசை கம்ப்ரசரில் போடுங்கள். மலிவு ஏர்பிரஷுக்கு நல்ல காற்று கொடுத்தால் அது பொன்னாக வேலை செய்யும். உயர்ந்த ஏர்பிரஷுக்கு நடுங்குகிற காற்றைக் கொடுத்தால் அதுவும் நடுங்கும். இப்போது சார்ஜ் போட்டு ஏர்பிரஷின் அடியிலேயே மாட்டிக்கொள்ளும் சின்ன மோட்டார் நிறைய விற்பனைக்கு வருகிறது. விலை மனத்தை மயக்கும். ஆனால் அதில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லாத ரகமே அதிகம், தொட்டியும் இல்லை. மோட்டாரின் ஒவ்வொரு துடிப்பும் கோட்டில் தெரியும். நான் வாங்கியது ஏ.எஸ்.186 என்ற வகை. ஆறில் ஒரு பங்கு குதிரைத் திறன் மோட்டார், அடியில் மூன்று லிட்டர் தொட்டி, ரெகுலேட்டர், ஈரம் பிடிக்கும் கண்ணாடிக் கிண்ணம். தொட்டியில் 4 பார் ஏறியதும் தானாக நிற்கும், 3 பாருக்கு இறங்கினால் தானாக ஓடும். ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது. ஏர்பிரஷைப் போல நான்கைந்து மடங்கு. அதில் ஒரு ரூபாய்க்கும் நான் வருந்தவில்லை.

அந்தத் தொட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கு, இரண்டு காரணம். மோட்டாரின் துடிப்பைத் தொட்டி விழுங்கிவிடும், வெளியே வருவது ஒரே சீரான காற்று. இரண்டாவது நம் ஊர்க் காரணம், கரண்ட். பூச்சின் நடுவில் மின்சாரம் போனாலும் தொட்டியில் மிஞ்சிய காற்று ஏறக்குறைய ஒரு நிமிடம் தாங்கும். அதற்குள் கிண்ணத்தில் இருப்பதைக் கொட்டிவிட்டு தின்னர் விட்டு ஊதிக் கழுவிவிடலாம். வண்ணம் உள்ளேயே காய்ந்து போகும் பெரிய தொல்லை தப்பும்.

கம்ப்ரசர் சத்தம் பற்றி நகரத்து நண்பர்கள் கவலைப்படுகிறார்கள், அடுக்குமாடியில் அக்கம்பக்கம் கதவைத் தட்டுமாம். வெண்ணந்தூரில் அந்தக் கவலை இல்லை. தெரு முழுக்கத் தறி ஓடும்போது என் கம்ப்ரசர் ஓடுவது எனக்கே கேட்காது! தறி ஊருக்கு வேறொரு கவனம் தேவை, பஞ்சுத் தூசி. பாவு ஓடுகிற வீட்டில் கண்ணுக்குத் தெரியாத இழை காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். பளபளப்பு வண்ணம் காய்வதற்குள் ஒரு இழை அதன்மேல் படுத்தால், 1/24 அளவில் அது கயிறாகத் தெரியும். அதனால் நான் தறி நிற்கும் நேரத்தில், தரையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு அடிப்பேன். அடித்து முடித்ததும் பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுவேன். இந்த ஒரு பழக்கத்தால் என் டேங்கர் தொட்டி கண்ணாடியாக வந்தது.

கம்ப்ரசருக்கு இப்போதைக்கு வழியில்லை என்றால் லாரி ஊர்க்காரர்களுக்கு இன்னொரு உபாயம் இருக்கிறது. மேல்நாட்டு மாடல்காரர்கள் காரின் ஸ்டெப்னி டயரிலிருந்து காற்றெடுத்து ஏர்பிரஷ் ஓட்டுவது பழைய வழக்கம். நம்மிடம் லாரி டயரே இருக்கிறது. ரிம்மில் மாட்டிய பழைய டயரில் பஞ்சர் கடையில் காற்றடித்துக்கொண்டு, வால்வுக்குப் பொருந்தும் இணைப்பும் ரெகுலேட்டரும் போட்டால், சத்தமில்லாத, மின்சாரம் கேட்காத காற்று. டியூபை மட்டும் தனியாக வைத்துச் செய்யாதீர்கள், டயரும் ரிம்மும் இல்லாமல் டியூப் அழுத்தம் தாங்காது, வெடித்துவிடும்.

எங்கள் சொந்தத்தில் ஓர் அண்ணன் லாரிப் பட்டறையில் பெயிண்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர் என் மேசையைப் பார்த்தார்.

"ஏந்தம்பி, இத்துனூண்டு கன்னை வெச்சுக்கிட்டு என்னத்தை அடிக்கற?"

"லாரிதானுங்கண்ணா."

வாங்கிப் பார்த்தார். அவர் பட்டறையில் பிடிக்கிற ஸ்ப்ரே கன்னுக்கு 1.4 மி.மீ. நாசில், 40 பிஎஸ்ஐக்கு மேல் காற்று. என் மேசையில் 0.3 மி.மீ., 15 முதல் 20 பிஎஸ்ஐ. காகிதத்தில் ஒரு கோடு இழுத்தார், இன்னொன்று இழுத்தார், சட்டென்று அவர் கை அதற்கு இணங்கிவிட்டது. பிறகு அவர் சொல்லிக்கொடுத்ததை எந்தப் புத்தகத்தைவிடவும் மேலாக மதிக்கிறேன்.

"காத்தை மொதல்ல உடு, பெயிண்டை அப்பறம் உடு. நிறுத்தறப்ப பெயிண்டை மொதல்ல நிறுத்து, காத்து கடைசி. ஓரத்துல நின்னு திரும்பாத தம்பி, ஓரத்தைத் தாண்டிப் போயித் திரும்பு. கை ஓடிக்கிட்டே இருக்கோணும்."

அவ்வளவுதான் வித்தை. ஓரத்தில் நின்று திரும்பினால் அங்கே வண்ணம் இரட்டிப்பாக விழுந்து வழியும். தாண்டிப் போய்த் திரும்பினால் நடுவும் ஓரமும் ஒன்றாக வரும். முழு அளவு டேங்கருக்கு எது சரியோ, உள்ளங்கை அளவு கேபினுக்கும் அதுவே சரி. இப்படிச் சொல்லித்தரும் கைகள் பட்டறைக்குப் பட்டறை இருக்கிற மாவட்டத்தில் நாம் வாழ்கிறோம். எவ்வளவு பெரிய கொடுப்பினை!

பயிற்சிக்கு மாடல் வேண்டாம், பழைய காகிதம் போதும். தண்ணீர் சேர்த்த கறுப்பு மையை ஊற்றி கோலப் புள்ளி வையுங்கள். ஒரே அளவுப் புள்ளி, ஒரே இடைவெளி. பிறகு புள்ளிகளைக் கோட்டால் சேருங்கள். விரல் நடுக்கம் எங்கே, காற்று எங்கே முந்துகிறது என்பதெல்லாம் கோலத்தில் வெளிப்பட்டுவிடும். அடுத்த படியாக சென்டி டாய்ஸ் போடுகிற பொம்மை லாரி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் லாரியின் சாயல் அதில் அழகாக இருக்கும், விலையும் விலையுயர்ந்த கிட்டில் கைவைக்கும் பயத்தைத் தராது. பிரித்து, சோப்பு நீரில் கழுவி, லேசாக வாட்டர் பேப்பர் போட்டு, பிரைமர் அடித்து, இலைப் பழுப்பும் வெள்ளைக் கரையும் கொடுத்தால் உங்கள் முதல் நேஷனல் பெர்மிட் லாரி தயார்.

வண்ணத்துக்கு டாமியா அக்ரிலிக்கையே ஆரம்பத்தில் சிபாரிசு செய்வேன். கேபினுக்கு எக்ஸ்-6 ஆரஞ்சு, தொட்டிக்கு எக்ஸ்-2 வெள்ளை, பட்டைக்கு எக்ஸ்எஃப்-64 செம்பழுப்பில் ஆரஞ்சு ஒரு துளி சேர்த்தேன். அதற்கென்றே வரும் எக்ஸ்-20ஏ தின்னர் நல்லது. கெமிக்கல் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் அதைக் கரைக்கும், செலவு பெரிதும் மிஞ்சும். கலவை பால் பதம் இருக்க வேண்டும். கிண்ணத்தின் சுவரில் தடவி விட்டால் மெல்லிய படலம் விட்டபடி வழிந்து இறங்க வேண்டும். ஃபெவிக்ரில் போன்ற கைவினை வண்ணங்களையும் ஏர்பிரஷில் ஓட்டலாம், ஆனால் துகள் பெரிது, வடிகட்டாமல் ஊற்றக் கூடாது. அதற்கு எங்கள் ஊரில் பட்டுத் துணியின் வெட்டுத் துண்டே கிடைக்கிறது, அதைவிட நல்ல வடிகட்டி நான் பார்த்ததில்லை.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரை வைகாசியில் நம் சமவெளிக் காற்று வண்ணத்தைப் பறந்து வரும்போதே உலர்த்திவிடும். மாடலில் விழுவது பொடி, தடவினால் சொரசொரப்பு. ஊசி முனையிலும் வண்ணம் காய்ந்து குமிழாக நிற்கும். காலை ஆறு ஏழு மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். கலவையில் உலர்வைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஓரிரு சொட்டு சேருங்கள், ஏர்பிரஷை மாடலுக்குச் சற்று நெருக்கிப் பிடியுங்கள். ஐப்பசி மழையில் இதற்கு நேர்மாறு. ஈரக் காற்றில் லாக்கர் வகை வண்ணம் வெளிறிப்போகும், குழாய்க்குள் தண்ணீர் திரளும். கம்ப்ரசரின் கிண்ணத்தில் சேரும் தண்ணீரை அன்றன்றைக்கு வடித்துவிட்டால் பூச்சின் நடுவில் நீர்த்துளி வந்து விழாது.

கழுவுவதைச் சலிப்பென்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதுவும் பிடிக்கும். நிறம் மாற்றும்போது தின்னர் விட்டு, முன்மூடியை விரலால் பொத்தி, காற்றைப் பின்னோக்கி விட்டால் கிண்ணத்தில் குமிழி கொப்பளித்து ஒட்டியதெல்லாம் வெளியே வரும். கொட்டிவிட்டு இன்னொரு முறை. நாள் முடிவில் ஊசியை உருவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் திருப்பி மாட்டினால் போதும். ஏர்பிரஷை முழுசாக என்.சி. தின்னரில் ஊற வைக்காதீர்கள். மலிவு ரகத்தில் உள்ளே இருப்பது சாதாரண ரப்பர் வளையம், ஊறி உப்பிவிடும்.

மூச்சு விஷயத்தில் மட்டும் நான் கறார். ஏர்பிரஷ் அடிக்கும் பனி நுரையீரலின் ஆழம் வரை போகும். துணி முகக்கவசமோ என்95-ஓ தின்னர் ஆவியைத் தடுக்காது. கரிமக் கரைப்பான் ஆவிக்கென்று கார்ட்ரிட்ஜ் போட்ட அரை முக மாஸ்க் வாங்குங்கள். ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, அதன் முன் ஓர் அட்டைப் பெட்டியைத் திறந்து வைத்தால் அடிக்கும் கூண்டு ஆயிற்று, ஆனால் ஃபேன் மோட்டாரில் பொறி பறக்காததாகப் பார்த்துக்கொள்ளுங்கள், தின்னர் ஆவி தீப்பிடிக்கும். சமையலறைப் பக்கமே வேண்டாம். பட்டறையில் மிஞ்சியது என்று ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்டை யாராவது அன்போடு கொடுத்தால் மறுத்துவிடுங்கள். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, நிரந்தர ஆஸ்துமாவைக் கொண்டுவரக் கூடியது. வீட்டு அறையில் அதற்கு இடமே கிடையாது. என் மாடலின் பளபளப்புக்கு டாமியா எக்ஸ்-22 கிளியரே போதுமானதாக இருந்தது.

இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிகிறவர்களுக்கு அடுத்த படியில் நல்ல கருவிகள் உண்டு. இவாட்டாவின் நியோ 0.35 மி.மீ., பேட்ஜரின் பேட்ரியட் 105, ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் அல்ட்ரா, மிஸ்டர் ஹாபியின் பிஎஸ்-289. நண்பர் ஒருவரின் பிஎஸ்-289-ஐப் பிடித்துப் பார்த்தேன், விசை வெண்ணெயாக நகர்கிறது, ஒரு நாள் நானும் வாங்குவேன். ஆனால் என் டேங்கரின் மேல் அது இன்னும் என்ன செய்திருக்கும் என்று யோசித்தால் பதில் மிகக் கொஞ்சம்தான் வருகிறது. வெள்ளைத் தொட்டியின் நடுவில் அந்த 2 மி.மீ. பட்டையின் டேப்பை உரித்தபோது விளிம்பு கத்தியில் வெட்டிய கூர்மையில் நின்றது. அதைச் செய்தது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க் கருவி. பெயிண்டர் அண்ணன் அதைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நெம்ப சுத்தமா வந்திருக்குது தம்பி" என்றார். நிஜ டேங்கருக்கு நாளெல்லாம் அடிக்கிறவர் கொடுத்த சான்றிதழ் அது.

மொத்தக் கணக்கு இதோ. ஏர்பிரஷ், கம்ப்ரசர், மாஸ்க், நான்கைந்து வண்ணம், தின்னர் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்துக்குள் அடங்கிற்று. ஒரே தடவையில் முடியாவிட்டால் கம்ப்ரசரை முதலில் வாங்குங்கள், அடுத்த மாதம் ஏர்பிரஷ். மாஸ்க் இல்லாமல் தொடங்காதீர்கள்.

கேஸ் டேங்கரை நான் செய்து முடித்துவிட்டேன். அடுத்து முட்டை லாரி, அடுக்கடுக்கான அட்டைத் தட்டுகளோடு. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி திருச்செங்கோட்டுக்காரர்களின் சொத்து, அதை அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்வதுதான் முறை. எந்த வெளிநாட்டுக் கம்பெனியும் நமக்காக அவற்றைக் கிட்டாகப் போடப் போவதில்லை. வாருங்கள், நாமே கட்டுவோம், நாமே வண்ணம் அடிப்போம்.